சுருங்கிய இரண்டு மீட்டர்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு என்று கடிதம் வந்தது. சூப்பர்வைசர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதுபோல நேரே என்னிடம் வந்தார். எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்று நாள் மேசையை விட்டுப் போனாலும் வேலை கெடாத ஆள் யார் என்று பார்த்தால் அது நான்தான்.

"யோவ் பாதிராத்திரி, மடிச்சது போதும். இங்க வா."

அது என் பட்டப்பெயர். எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

எங்களுடையது சலவைக்கூடம். மூன்று ஆஸ்பத்திரிகளின் விரிப்புகள், தலையணை உறைகள், அறுவை அறையின் பச்சைத் துணிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக இங்கே வரும். பின்பக்கம் துவைத்து உலர்த்தி, சூடான உருளையில் விட்டுத் தேய்த்து, தள்ளுவண்டியில் போட்டு முன்பக்கம் அனுப்புவார்கள். முன்பக்கம் நாங்கள் மடிப்போம். நோய் பரவ ஆரம்பித்ததும் ஊரில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. எங்களுக்கு மட்டும் மூட்டை இரண்டு மடங்கானது. இப்போது புது உத்தரவு: நோய்த்தடுப்பு ஆய்வில் தேறினால்தான் ஆஸ்பத்திரித் துணியைத் தொடலாம். இல்லையென்றால் பூட்டு.

ஷிப்ட் இரண்டு. காலை ஆறு முதல் மாலை ஆறு, மாலை ஆறு முதல் காலை ஆறு. நான் பகல். என் மனைவி இரவு. மாலையில் கடைசி ஒரு மணி நேரம் இயந்திரங்களை நிறுத்திக் கழுவுவார்கள். மடிக்கிறவர்களை ஐந்துக்கே அனுப்பிவிடுவார்கள். நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸும் அவள் வேலைக்கு வருகிற பஸ்ஸும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்துபோகும். வாரத்தில் ஏழு நாளும் வேலை, வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒரே வீட்டில் ஒரே கட்டிலை இரண்டு பேர் முறை வைத்துப் பயன்படுத்துகிறோம். அவள் எழுந்துபோன பள்ளத்தில் நான் படுப்பேன்.

காலையில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. இரவு ஷிப்ட் பாதி வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆறு மணிக்கு எந்த வண்டி மேசையருகே நிற்கிறதோ அதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று பகல் ஆட்களும் ஆளுக்கொருவராகப் போய்க் கை கொடுப்பார்கள். அதற்குக் கடைசி வண்டி என்று பெயர். நான் என் மனைவியின் மேசைக்குப் போவேன். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, ஒரு உதறல். அப்புறம் நடந்து ஒருவரையொருவர் நெருங்க வேண்டும். என் மூலைகளை அவள் வாங்கிக்கொள்வாள். நான் குனிந்து தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். திரும்ப நெருங்குவேன். ஒரு விரிப்புக்கு இரண்டு முறை விரல்கள் தொடும். ஒரு வண்டிக்கு நாற்பது விரிப்பு. எண்பது முறை. நான் எதையும் எண்ணி வைக்கிற ஆள் இல்லை. இதை எண்ணியிருக்கிறேன்.

அவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. பதினைந்து நிமிடம்.

செய்ய வேண்டியவற்றை சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வாசலில் சானிடைசர். நெற்றிக்கு நேரே நீட்டுகிற வெப்பமானி ஒன்று, அதற்கு ஒரு பதிவேடு. தரையில் அம்புக்குறி. முன்வாசலில் வந்து பின்வாசலில் போக வேண்டும். இனி ஜோடி மடிப்பு கிடையாது. மேசை விளிம்பில் கவ்வி பொருத்தி ஆளுக்கொரு மேசையில் தனியாக மடிக்க வேண்டும். மேசைக்கும் மேசைக்கும் இரண்டு மீட்டர். நிற்கிற இடத்தில் மஞ்சள் டேப்பால் ஒரு கட்டம்.

"அளக்கறதுக்கு இன்ச்சு டேப் எங்க சார்?"

"மெக்கானிக்கிட்ட இருக்கும்."

மெக்கானிக் ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். அவருடைய பெட்டிக்குப் பூட்டு. சாவி அவர் இடுப்பில்.

அப்போதுதான் பெரியக்கா யோசனை சொன்னாள். அவள் துவைக்கிற இயந்திரத்துக்காரி. கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவள், எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவள். "என்னமோ காணாதத கண்ட மாதிரி முழிக்கற? பெரிய விரிப்பு அகலம் எவ்வளவு?"

"ரெண்டு மீட்டர்."

"எங்க போட்டிருக்கு?"

"ஓரத்துல தச்ச துணியிலயே போட்டிருக்கு."

"அப்புறம் என்ன? விரிச்சு அள."

அளந்தேன். ஒரு முனையை அவள் காலால் மிதித்துக்கொண்டாள், மறுமுனையை நான் இழுத்துப் பிடித்தேன். சுவரிலிருந்து சுவர்வரை எட்டு மேசைகள் கச்சிதமாக உட்கார்ந்தன. பகல் ஷிப்டில் மடிக்கிறவர்கள் எட்டுப் பேர். இரவில் ஏழு பேர். கூடம் எங்களுக்காகவே கட்டியதுபோல இருந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு என் தோளில் தட்டப் போனவர், ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார்.

மாலையில் கடைசி உத்தரவை எழுதச் சொன்னார். "இதப் பெருசா எழுதி சுவத்துல ஒட்டு. நைட்டு ஆளுங்க அஞ்சே முக்காலுக்குப் பின்வாசல் வழியா போயிடணும். பகல் ஆளுங்க ஆறேகாலுக்கு முன்வாசல் வழியா வரணும். நடுவுல அரை மணி நேரம் ஜன்னல திறந்து வெச்சு மேசையெல்லாம் துடைக்கணும். ரெண்டு ஷிப்டும் மூஞ்சியே பாத்துக்கக் கூடாது."

"கடைசி வண்டி?"

"பிளாஸ்டிக் போட்டு மூடி வெச்சிட்டுப் போகட்டும். நீங்க வந்து மடிங்க."

"சரி சார்."

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார்."

எழுதினேன். கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

மறுநாள் புதன்கிழமை. பழைய வழக்கத்துக்குக் கடைசி நாள். நான் உள்ளே வந்தபோது அவள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சுவரைக் காட்டினாள்.

"நாளையிலேருந்து கிடையாதாம்?"

"அவர் சொன்னாரு. நான் எழுதினேன்."

"தெரியுது. 'ற'வுக்கு நீட்டி வால் போட்டிருக்க. கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின லெட்டர்லயும் இதே வாலு."

"அத இன்னும் வெச்சிருக்கியா?"

"வாலயா, லெட்டரயா? பிடி."

பிடித்தேன். இரவு ஷிப்டில் அவளுக்குப் பட்டப்பெயர் டீச்சர். வேகத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மடிப்பு ஒரு விரல் தப்பினாலும் பிரித்துத் திரும்பப் போடச் சொல்வாள். அன்று மெதுவாக மடித்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. வண்டி காலியானது. மற்ற மேசைகளில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுக்கிலிருந்து மேலே இருந்த ஒரு விரிப்பை எடுத்து உதறிப் பிரித்தாள்.

"மூலை சரியில்ல," என்றாள்.

மூலை சரியாகத்தான் இருந்தது. திரும்ப மடித்தோம். அப்புறம் இன்னொன்றுக்கும் மூலை சரியில்லை. மூன்றாவதை எடுக்கும்போது சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு நானும் இரவு ஷிப்ட்தான். ஐந்து வருடம் நானும் அவளும் ஒரே மேசையில் ஜோடி. எனக்குப் பகலில் தூக்கம் வராது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுப் பார்த்தேன், மாத்திரை போட்டுப் பார்த்தேன். நாளுக்கு இரண்டு மணி நேரத் தூக்கத்தில் கடைசி ஒரு வருடத்தை ஓட்டினேன். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, விரிப்பு பாதி மடிந்திருக்கும்போது, என் பக்கத்து இரண்டு மூலைகளையும் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்துபோனேன். வீடுவரை நடந்தேன். மறுநாள் பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை. நீயும் வா என்றும் சொல்லவில்லை. அவளும் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். சண்டை வந்திருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். நாங்கள் கேட்காமலே மூன்று வருடம் ஓட்டினோம்.

ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண். வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வந்தார். முதலில் அந்த வெப்பமானியை வாங்கி எங்கள் எட்டுப் பேர் நெற்றியிலும் பிடித்தார். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று.

"என்ன இது, எல்லாரும் செத்து ரெண்டு மணி நேரம் ஆன மாதிரி காட்டுது?"

"பேட்டரி மாத்திடறோம் மேடம்," என்றார் சூப்பர்வைசர்.

"மாத்துங்க. அப்புறம்தான் இவங்க உயிரோட இருக்காங்கன்னு நான் எழுத முடியும்."

பெரியக்கா சிரித்தாள். நிலைமை மோசமில்லை என்று நினைத்தேன். அம்புக்குறிகளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பையிலிருந்து சொந்த இன்ச்சு டேப்பை எடுத்து மஞ்சள் கட்டங்களுக்கு நடுவே நீட்டினார். இன்னொரு முறை நீட்டினார்.

"இதை அளந்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"எதை வெச்சு?"

"விரிப்ப வெச்சு மேடம். ரெண்டு மீட்டர் விரிப்பு."

"அந்த விரிப்பக் கொண்டு வாங்க."

கொண்டுவந்தேன். பெரியக்கா பழையபடி ஒரு முனையை மிதிக்கப் போனாள். நான் கண்ணால் தடுத்தேன். ஆய்வாளர் டேப்பை வைத்தார். நூற்று எண்பத்தாறு சென்டிமீட்டர்.

தினமும் கொதிநீரில் போட்டு, உருளையில் விட்டு, வருடக்கணக்கில் அதே துணியைத் துவைக்கிறவர்கள் நாங்கள். துணி சுருங்கும் என்று எங்கள் கூடத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓரத்தில் இரண்டு மீட்டர் என்று தைத்திருந்ததை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

"துணி சுருங்கிப் போச்சு, மேடம்," என்றேன்.

"சலவைக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு இயந்திரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். அவளுடைய முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது.

டேப்பைப் பிடித்து எல்லாவற்றையும் திரும்ப அளந்தோம். உண்மையான இரண்டு மீட்டருக்கு ஏழு மேசைதான் அடங்கியது. எட்டாவது மேசை சுவரில் முட்டியது. பகல் ஷிப்டில் ஒருவருக்கு இடமில்லை. இரவுக்கு அனுப்பலாம் என்றால் அங்கே ஏற்கெனவே ஏழு பேர்.

அவர் பதிவேட்டைத் திரும்பப் புரட்டினார். ஆட்களின் முகவரிப் பக்கத்தில் விரலை வைத்தார். "ஒரே முகவரில ரெண்டு பேர் இருக்காங்களே. ஒருத்தர் பகல், ஒருத்தர் நைட்டு."

"புருஷன் பொண்டாட்டி மேடம்," என்று சூப்பர்வைசர் என்னைக் காட்டினார்.

"ரெண்டு ஷிப்டும் பாத்துக்கக் கூடாதுன்னு அரை மணி நேரம் இடைவெளி விட்டிருக்கீங்க. நல்லது. ஆனா இவங்க ரெண்டு பேரும் வீட்டுல பாத்துக்குவாங்கல்ல? சுவர் கட்டிட்டு நடுவுல கதவு வெச்ச மாதிரி இருக்கு."

வீட்டிலும் பார்த்துக்கொள்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அரசாங்கத்திடம் சொல்கிற விஷயமில்லை அது.

"ஒரே வீட்டு ஆளுங்க ஒரே மேசையில நிக்கலாம். ஜோடியாவே மடிக்கலாம். விதியில இருக்கு," என்றார். "இவர நைட்டுக்கு மாத்துங்க. அங்க எட்டுப் பேருக்கு ஏழு மேசை போதும், இங்க ஏழு பேருக்கு ஏழு மேசை. ரெண்டு பேரோட சம்மதமும் எழுத்துல வேணும். கட்டாயப்படுத்தக் கூடாது. ஷிப்ட் மாறறவர் சேர்றதுக்கு முன்னாடி ஏழு நாள் வீட்டுல இருக்கணும்."

அவர் போனதும் சூப்பர்வைசர் ஒரு படிவத்தை என் முன்னால் போட்டார். "நாளைக்குள்ள வேணும். ரெண்டு பேர்ல யாராவது மாட்டேன்னு சொன்னா, எட்டுப் பேருக்கும் சீட்டு எழுதிக் குலுக்குவேன். பேர் வர்ற ஆள் வேலைய விட்டு வீட்டுக்கு. எனக்கும் பிடிக்கல. வேற வழியில்ல."

அன்று வீட்டுக்குப் போனபோது கட்டிலில் பள்ளம் இருந்தது. படுத்தேன். மூன்று வருடமாக நான் நன்றாகத் தூங்குகிறவன். வயிற்றெரிச்சல் போய்விட்டது, கை நடுங்குவதில்லை, யாரையும் திட்டுவதில்லை. ஒரு ஆளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைத்தான் நான் மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவளிடம் போய், உன் மேசையில் எனக்கு இடம் கொடு என்று கேட்க வேண்டும். அவள் மாட்டேன் என்றால் அது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கே பின்வாசலுக்குப் போய் நின்றேன். ஐந்தே முக்காலுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தவர்களும் உண்டு. அவள் கடைசியாக வந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"என்னாச்சு? காய்ச்சலா?"

"இல்ல. ஒரு கையெழுத்து வேணும்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள். வாசலில் கூட்டம் சேரக் கூடாது என்று நானே எழுதி ஒட்டிய காகிதம் அவள் தலைக்கு மேலே இருந்தது.

"அப்ப நீ என் மேசைக்கு வரணும்னா நான் சம்மதிக்கணும்?"

"ஆமா."

"எழுத்துல?"

"எழுத்துல."

"நல்ல விதிதான். மூணு வருஷம் முன்னாடியே போட்டிருக்கணும்." சிரிக்கிறாளா என்று முகக்கவசத்துக்கு மேலே தெரியவில்லை. பிறகு கேட்டாள். "அன்னைக்கு ஏன் போன?"

"தூக்கமில்ல."

"அது எனக்குத் தெரியும். ஏன் சொல்லாம போன?"

நான் தரையைப் பார்த்தேன். "சொல்ல ஆரம்பிச்சா உன்னத் திட்டிடுவேன்னு தோணுச்சு. நீ நல்லா தூங்கற. எட்டு மணிக்குப் படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடுவ. பக்கத்துல படுத்து உன்னயே பாத்துட்டு இருப்பேன். பொறாமையா இருக்கும். உன்மேல வெறுப்பு வந்துடும்போல இருந்துச்சு."

"தூங்கினதுக்கா?"

"தூங்கினதுக்குத்தான்."

"லூசு," என்றாள். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அன்னைக்கு நீ பாத்ரூம் போயிருக்கன்னு நெனச்சேன்," என்றாள். "என் பக்கத்து மூலைய விடாம பிடிச்சிட்டு நின்னேன். அரை மணி நேரம். அப்ப பெரியக்காவும் நைட்டுதான். அவங்க வந்து கையிலேருந்து வாங்கினாங்க."

இது எனக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் பெரியக்காகூடச் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவள் இதில் நுழைக்கவில்லை.

"நீயும் பகலுக்கு வான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேன். ஒரு வருஷம் காத்திருந்தேன்," என்றாள். "இப்ப வர மாட்டேன். இப்ப அந்தக் கூடம் என்னோடது. நீ வந்தா என் பேச்சக் கேக்கணும்."

"கேக்கறேன்."

"திரும்பவும் போவியா?"

போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சுலபமான வாக்கியம். "தெரியல. போனாலும் போவேன்," என்றேன்.

"போறதா இருந்தா சொல்லிட்டுப் போ. நான் மூலைய கீழ வெச்சிட்டு உக்காந்துக்கறேன்."

படிவத்தைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துப் பேனாவையும் வைத்துவிட்டு நான் பின்னால் நகர்ந்தேன். உள்ளேயிருந்து சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சானிடைசரால் பேனாவைத் துடைத்துக் கையெழுத்துப் போட்டாள். திரும்ப ஒரு முறை பேனாவைத் துடைத்து வைத்தாள்.

"ஏழு நாள் வீட்டுலயா இருக்கப் போற?"

"அது விதி."

"உன்கூட ஒரே கட்டில்ல படுத்து எழுந்து நான் வேலைக்கு வருவேன். நீ மட்டும் நோய் இல்லன்னு நிரூபிக்க ஒரு வாரம் படுத்திருப்ப."

"அந்த மேடம்கிட்ட நீயே கேளு."

"எனக்கென்ன. இரு."

சனிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு வீட்டுக் கதவில் சாவி திரும்பியது. மூன்று வருடமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததில்லை. அவள் செருப்பைக் கழற்றினாள். பையை வாசலருகே வைத்தாள். நேரே குளிக்கப் போனாள். வெளியே வந்தபோது தலையில் துண்டு இருந்தது. நான் மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றாள், அடுத்த வீட்டு ஆள் வழிதவறி உள்ளே வந்துவிட்டதுபோல.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"உனக்காக வெச்சிருக்கேன்."

சாப்பிட்டோம். அவள் இடது கையால் சாமானை நகர்த்தி எனக்கு இடம் செய்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம் இருந்தது. கழுத்தோரம் இரண்டு நரைமுடிகள். எப்போது வந்தன என்று தெரியவில்லை. பதினைந்து நிமிடத்தில் பார்க்கிற பொருளில்லை அது.

எட்டு மணிக்குப் படுத்தோம். நான் இன்றிலிருந்தே பகல்தூக்கம் பழக வேண்டும் என்று அவள் கட்டளை போட்டிருந்தாள். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துத் திறந்தார்கள். திரைச்சீலையின் ஓரத்தில் வெயில் ஒரு கோடாக விழுந்தது. கட்டிலில் இரண்டு பேருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. முழங்கை இடித்தது.

"கண்ண மூடு. வந்துடும்."

"வரலன்னா?"

"வரலன்னா என்ன எழுப்பு. திட்டு. சும்மா பாத்துட்டு மட்டும் இருக்காத."

"சரி."

"சரின்னா..." என்று ஆரம்பித்தாள். வாக்கியம் பாதியில் நின்றது. மூச்சு மாறிவிட்டது. பழையபடி ஒரே நிமிடம்.

நான் கண்ணை மூடினேன். வரவில்லை. திறந்தேன். ஏழு நாள் இருந்தது. அவளை எழுப்பலாமா என்று யோசித்தேன். ஒன்பது அடித்தது. பத்து அடித்தது. தோளைத் தொட்டேன்.

"ம்?"

"தூக்கம் வரல."

அவள் கண்ணைத் திறக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

"சரி," என்றாள். "திட்டு."